முழங்கால் எத்தனை டிகிரி மடங்கியது? அறுவைக்குப் பின் வீட்டிலேயே அளந்து அனுப்பும் கருவியை வடிவமைப்பது எப்படி

முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்த சில நாள்களிலேயே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். கோயம்புத்தூரில் அறுவை செய்துகொண்டு, கோத்தகிரிக்கு அப்பால் ஒரு ஹட்டிக்கோ (படுகர் ஊர்) குன்னூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டுக்கோ திரும்புகிறவருக்கு அசல் வேலை அதன்பிறகுதான் ஆரம்பம். தினமும் இரண்டு மூன்று வேளை காலை மடக்கி நீட்ட வேண்டும். முதல் ஆறு வாரத்தில் இதைச் சரியாகச் செய்யாவிட்டால் மூட்டுக்குள் தழும்புத் திசு இறுகி, முழங்கால் துருப்பிடித்த கீல்போல நின்றுவிடும். பிசியோதெரபிஸ்டைப் பார்க்க மலையிறங்கி வருவதென்றால் கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் பயணம், கூட ஒரு ஆள், ஒரு நாள் கூலி. அதனால் இரண்டு சந்திப்புகளுக்கு நடுவே பல நாள்கள் ஓடிவிடும். அந்த நாள்களில் கால் எவ்வளவு மடங்கியது என்று யாருக்கும் தெரியாது.

அந்த இடைவெளிக்காகத்தான் இந்தக் கருவி. தொடையில் ஒன்று, கெண்டைக்காலின் வெளிப்பக்கம் ஒன்று என இரண்டு சின்ன டப்பிகள். உடற்பயிற்சி செய்யும்போது மூட்டின் கோணத்தை அளந்து, ஃபோன் வழியாகப் பிசியோவுக்கு அனுப்பும். பாகங்களின் விலையோ சர்க்யூட்டோ இதில் பெரிய சவால் இல்லை. தவறான எண்ணை நம்பும்படி காட்டாமல் இருப்பதுதான் சவால். கீழே வரும் பெரும்பாலான விஷயங்கள் அதைச் சுற்றியே இருக்கும்.

முதலில் எந்தக் கோணம்?

முழங்காலுக்கு இரண்டு எண்கள் வேண்டும்: எவ்வளவு மடங்குகிறது, எவ்வளவு நேராகிறது. முழுக்க நேராக நீட்டிய கால் 0 டிகிரி. சமதரையில் நடக்கவே சுமார் 60 முதல் 65 டிகிரி வரை மடங்க வேண்டும். படி ஏற 85 அளவுக்கு, இறங்க 90 முதல் 100 வரை. கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ, நாற்காலியின் உயரத்தைப் பொறுத்து 95 முதல் 105. குந்தி உட்கார 130-க்கும் மேல். மாற்று மூட்டு வைத்தவர்களுக்கு 110 முதல் 120 வரை வந்தாலே நல்ல பலன் என்பார்கள். ஆகவே குத்துக்கால் கழிப்பறை மட்டும் இருக்கும் வீட்டுக்கு எந்தக் கருவியும் உதவாது. அங்கே மேல்நாட்டு இருக்கை வைப்பதைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும்.

மடக்குவதைப் பற்றியே எல்லாரும் கவலைப்படுகிறார்கள். நீட்டுவதை மறந்துவிடுகிறார்கள். கால் 10 டிகிரி மடங்கிய நிலையிலேயே நின்றுவிட்டால், நிற்கும் நேரமெல்லாம் தொடைத்தசை உழைத்துக்கொண்டே இருக்க வேண்டும். நடை நொண்டும். நீலகிரியில் வீட்டு வாசலை விட்டால் சரிவுதான். இறக்கத்தில் உடல் எடையைத் தாங்கிப் பிடிப்பதே தொடைத்தசை, அது சீக்கிரம் களைத்துவிடும். ஆகவே திரையில் மடக்கும் எண் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறதோ, நீட்டும் எண்ணும் அவ்வளவு பெரிதாகத் தெரிய வேண்டும். இதில் சமரசம் கூடாது.

கோணத்தை அளப்பது

வளைந்தால் மின்தடை மாறும் பட்டை உணரிகள் கடையில் கிடைக்கின்றன. ஆரம்பத்தில் கை அதற்குத்தான் போகும். வேண்டாம். ஒரே கோணத்துக்கு, மடக்கும்போது ஒரு மதிப்பும் நீட்டும்போது வேறொரு மதிப்பும் காட்டும். சில நூறு முறை மடங்கிய பிறகு அடிமதிப்பே நகர்ந்துவிடும். முடுக்கமானியும் ஜைரோஸ்கோப்பும் ஒரே சில்லில் இருக்கும் அசைவு உணரியை எடுத்துக்கொள்ளுங்கள். பழகுவதற்கு எம்பியு-6050 போதும். விற்பனைக்கான வடிவமைப்பு என்றால் அது பழைய சில்லு, இப்போது தயாரிப்பில் இருக்கும் புதியதொன்றுக்கு மாறிவிடுங்கள்.

முடுக்கமானி புவியீர்ப்பின் திசையைக் காட்டும். கால் அசையாமல் இருந்தால் அதிலிருந்து சாய்வு சரியாகக் கிடைக்கும். அசைந்தால் அசைவின் முடுக்கமும் கலந்து எண் குதிக்கும். ஜைரோ, திரும்பும் வேகத்தைச் சொல்லும். வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால் கோணம் வரும், ஆனால் சிறு பிழையும் கூடவே கூடும். விநாடிக்கு அரை டிகிரி பிழை இருந்தால் ஒரே நிமிடத்தில் 30 டிகிரி தவறு. இரண்டையும் கலந்தால் ஒன்றின் குறையை மற்றது தீர்க்கும். விநாடிக்கு 100 முறை படிக்கும்போது கணக்கு இது:

புதிய கோணம் = 0.98 × (பழைய கோணம் + ஜைரோ வேகம் × 0.01) + 0.02 × முடுக்கமானி சொல்லும் கோணம்

ஏறக்குறைய அரை விநாடிக்குள் நடப்பதை ஜைரோவிடமும், அதைவிட மெதுவாக நடப்பதை முடுக்கமானியிடமும் கேட்கிறோம் என்று இதற்குப் பொருள். முன்சொன்ன அரை டிகிரிப் பிழை இந்தக் கலவையில் கால் டிகிரியாகச் சுருங்கி, அதற்குமேல் வளராமல் நிற்கும். தொடைக்கு ஒரு கோணம், கெண்டைக்காலுக்கு ஒரு கோணம், இரண்டின் வித்தியாசம் முழங்கால்.

இந்த முறை கண் மூடும் நிலை ஒன்று உண்டு. நோயாளி ஒருக்களித்துப் படுத்தால், கால் மடங்கும் அச்சு செங்குத்தாகிவிடும். அப்போது கால் மடங்கினாலும் நீண்டாலும் புவியீர்ப்பின் திசை உணரிக்கு மாறுவதில்லை. முடுக்கமானி சொல்லும் கோணம் வெறும் இரைச்சல். ஆனாலும் கணக்கு ஏதோ ஒரு எண்ணைத் தந்துகொண்டே இருக்கும், அதுதான் ஆபத்து. மடங்கும் அச்சின் திசையில் 0.8 ஜி-க்கு (புவியீர்ப்பில் 80 சதவீதம்) மேல் ஈர்ப்பு தெரிந்தால் அந்த அளவைச் செல்லாது என்று குறித்துவிட்டு, 'மல்லாந்து படுங்க, இல்ல நாற்காலியில உக்காருங்க' என்று குரல் கொடுக்கச் செய்யுங்கள்.

பூஜ்யம் எது என்பதுதான் மையக் கேள்வி

டப்பி எலும்பில் ஒட்டவில்லை. தசைக்கும் தோலுக்கும் மேலே பட்டையில் இருக்கிறது. ஒவ்வொரு நாளும் சில டிகிரி சாய்த்துத்தான் கட்டுவார்கள். அதனால் கட்டியதும் ஒரு தொடக்க நிலையைச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. பலரும் செய்வது: 'காலை நேரா நீட்டுங்க, பொத்தானை அமுக்குங்க.' அந்த நிலையைக் கருவி 0 என்று எடுத்துக்கொள்ளும்.

ஆரோக்கியமான காலுக்கு இது சரி. அறுவை செய்த காலுக்குத் தவறு, ஏனென்றால் அவரால் நேராக நீட்ட முடியாது என்பதுதானே பிரச்சினையே. கால் 8 டிகிரியில் நிற்கிறது என்று வையுங்கள். கருவி அதை 0 என்று எழுதிக்கொள்ளும். நீட்டுவதில் குறையே இல்லை என்று பிசியோ நினைத்துக்கொள்வார். உண்மையில் 95 மடங்கும்போது திரை 87 என்று காட்டும். நோயாளி எட்டிவிட்ட 90-ஐ எட்டவில்லை என்று நினைத்து வலியைப் பொறுத்துக்கொண்டு இன்னும் இழுப்பார். ஒரே பிழை, இரண்டு பக்கமும் கெடுதல்.

இதற்கு நடைமுறையில் நிற்கும் வழி: முதல்முறை கட்டும்போது பிசியோ கூட இருக்க வேண்டும். நீண்ட கைகள் கொண்ட சாதாரணக் கோணமானியால், இடுப்புப் பக்கத்து எலும்புப் புடைப்பு, முழங்காலின் வெளிமேடு, கணுக்காலின் வெளிமேடு மூன்றையும் வைத்து அளந்து, அந்த எண்ணைக் கருவிக்குள் பதிய வேண்டும். மல்லாந்து படுத்து, குதிகாலின் கீழ் சுருட்டிய துண்டை வைத்து நீட்டும்போது 8 வந்தால் கருவிக்கு '8' என்று சொல்ல வேண்டும், '0' என்று அல்ல. பிறகு டப்பி உட்காரும் இடத்தைத் தோலில் எளிதில் அழியாத மையால் இரண்டு கோடு போட்டுக்கொடுக்க வேண்டும். தினமும் அதே கோட்டில் கட்டினால் பிழை சில டிகிரிக்குள் அடங்கும். அந்தக் கோடு குளியலில் மங்கும். ஒவ்வொரு சந்திப்பிலும் அளந்து, எண்ணையும் கோட்டையும் புதுப்பிக்க வேண்டும். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை (பிசியோதெரபி) தருவதும் உண்டு. அப்படி வருகிறவர் கையில் ஒரு கோணமானி இருந்தால் இந்த வேலை ஐந்து நிமிடம்.

கோணமானியும் தெய்வவாக்கு அல்ல. ஒரே காலை இரண்டு பேர் அளந்தால் 5 டிகிரி வரை மாறலாம். அதனால் திரையில் 92.4 என்று தசமம் காட்டாதீர்கள். நேற்று 92.4, இன்று 91.8 என்று பார்த்து மனம் உடைகிறவர்கள் இருக்கிறார்கள். முழு எண் போதும். ஒரு வாரத்தின் போக்கைக் காட்டுங்கள்.

ஜைரோவின் அடிப்பிழை (அசையாமல் இருக்கும்போதும் அது காட்டும் சிறு வேகம்) வெப்பநிலையோடு மாறும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மார்கழிக் காலையில் அலமாரியில் குளிர்ந்து கிடந்த டப்பி, காலில் கட்டிய சில நிமிடங்களில் உடல் சூட்டுக்கு 15, 20 டிகிரி செல்சியஸ் ஏறிவிடும். எடுத்தவுடன் ஜைரோவைச் சரிசெய்தால் அந்தத் திருத்தம் பத்து நிமிடத்தில் பழசாகிவிடும். கட்டி ஐந்து நிமிடம் கணுக்காலை ஆட்டும் பயிற்சியைச் செய்யவைத்துவிட்டு, பிறகு 3 விநாடி அசையாமல் இருக்கும் தருணத்தைக் கருவியே கண்டுபிடித்து அடிப்பிழையைக் கழிப்பது நல்லது.

பட்டை

பட்டையைச் சும்மா துணி என்று நினைத்துக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுகிறார்கள். அறுவைத் தழும்பு முழங்காலின் முன்பக்கம் நடுவில் ஓடும், அங்கே எதுவும் தொடக்கூடாது. டப்பிகள் வெளிப்பக்கத்தில் இருக்கட்டும். வெளிப்பக்கத்திலும் ஒரு தடை உண்டு. முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்புறச் சிற்றெலும்பின் கழுத்தைச் சுற்றி ஒரு நரம்பு தோலுக்கு மிக அருகில் போகிறது. அங்கே பட்டை இறுக்கினால் பாதத்தை மேலே தூக்கும் சக்தி போகலாம். கீழ்ப் பட்டையைக் கெண்டைக்காலின் நடுவிலோ அதற்குக் கீழோ கட்டுங்கள். இரண்டு விரல் நுழைய வேண்டும், பயிற்சி முடிந்ததும் அவிழ்த்துவிட வேண்டும். இரவு முழுக்கக் கட்டியிருக்கும் கருவியாக இதை வடிவமைக்கக் கூடாது.

வீக்கம் வாரத்துக்கு வாரம் வடியும். முதல் வாரம் பொருந்திய பட்டை நான்காம் வாரம் தொடையிலிருந்து நழுவும். மேல்தொடை கூம்பு வடிவம், அதனால் மேல்பட்டையே முதலில் இறங்கும். வெல்க்ரோவின் நீளத்தில் 10 சென்டிமீட்டர் மிச்சம் விட்டு, உள்பக்கம் சிலிகான் கோடு போட்ட பின்னல் பட்டை வைத்தால் நிற்கும். தோலில் படும் பக்கம் பருத்தி இருக்கட்டும், ரப்பர் நுரை சிலருக்கு அரிக்கும். மழைக்காலத்தில், முக்கியமாகத் தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்க்கும் கூடலூர், பந்தலூர்ப் பக்கம், துவைத்த பட்டை இரண்டு நாளானாலும் காயாது. ஒரு கருவிக்கு இரண்டு ஜோடி பட்டை கொடுங்கள். டப்பி தனியே கழன்று வர வேண்டும்.

மின்பாகங்கள்

இரண்டு டப்பியையும் கம்பியில்லாமல் இணைக்கலாம். ஆனால் இரண்டின் நேரமும் ஒத்துப்போகாவிட்டால், கால் வேகமாக மடங்கும்போது கோணம் பிசகும். முதல் மாதிரிக்கு நான்கு இழைக் கம்பியே போதும். எம்பியு-6050-க்கு 104, 105 என்று இரண்டு முகவரிகள் உண்டு, ஒரு முனையின் மின்னழுத்தத்தை உயர்த்தினால் இரண்டாவது. இரண்டும் ஒரே ஐ2சி பாதையில் (தரவுக்கு ஒன்று, கடிகாரத் துடிப்புக்கு ஒன்று என இரண்டு கோட்டில் சில்லுகள் பேசும் முறை) ஓடும். கம்பி 40 சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். வேகத்தை 400 கிலோஹெர்ட்ஸ் வைத்துப் பிழை வந்தால் 100-க்கு இறக்குங்கள். கால் மடங்கும்போது கம்பி இழுபட்டு ஒரு நொடி தொடர்பு விட்டால், உணரி தரவுக் கோட்டைத் தாழ்வாகப் பிடித்துக்கொண்டு நின்றுவிடும். கருவி உறைந்துபோனது போலத் தெரியும். கடிகாரக் கோட்டில் ஒன்பது துடிப்பு அனுப்பினால் விடுபடும். இதை நிரலில் முதலிலேயே எழுதிவிடுங்கள்.

மூளையாக, வைஃபையும் புளூடூத்தும் உள்ள இஎஸ்பி32 சில்லு மலிவு, எளிது. ஆனால் பசி அதிகம்: ரேடியோ ஓடும்போது 100 மில்லியாம்பியருக்குக் குறையாது, வைஃபை அனுப்பும் நொடியில் 200-ஐத் தாண்டும். பலர் மாட்டிக்கொள்ளும் இடம் இது: 3.7 வோல்ட் லித்தியம் பேட்டரியை ஏஎம்எஸ்1117 மின்னழுத்தச் சீராக்கி வழியாகக் கொடுப்பது. அந்தச் சீராக்கிக்கு உள்ளே வரும் மின்னழுத்தம் வெளியே போவதைவிட ஒரு வோல்ட்டாவது கூட இருக்க வேண்டும். 3.7-லிருந்து சில்லுக்கு வேண்டிய 3.3 வராது. மேசையில் யுஎஸ்பியில் நன்றாக ஓடிய கருவி, பேட்டரியில் போட்டதும் தரவு அனுப்பும் ஒவ்வொரு முறையும் தானே மறுதொடக்கம் ஆகும். 500 மில்லியாம்பியர் தரக்கூடிய, குறைந்த இழப்புச் சீராக்கியையும், சில்லுக்கு ஒட்டி 10 மைக்ரோஃபாரட், 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கிகளையும் போடுங்கள். புளூடூத் மட்டும் போதும் என்றால் என்ஆர்எஃப்52 வகைச் சில்லுகள் இதில் சிறு பங்கு மின்சாரத்திலேயே ஓடும்.

சார்ஜ் செய்யும் டிபி4056 பலகை 1.2 கிலோஓம் மின்தடையோடு வரும், அது 1 ஆம்பியர் தள்ளும். 500 மில்லியாம்பியர்-மணி பேட்டரிக்கு இது இரு மடங்கு வேகம், சூடாகி உப்பும். நோயாளியின் காலில் கட்டுகிற பொருள் இது. அந்த மின்தடையை எடுத்துவிட்டு 5 கிலோஓம் போட்டால் 250 மில்லியாம்பியர் ஆகும், போதும். பூஜ்யம் டிகிரி செல்சியஸுக்குக் கீழே லித்தியம் பேட்டரியை சார்ஜ் செய்யவே கூடாது. உறைபனி விழும் இரவில் ஜன்னலோரம் சார்ஜ் போடாமல், பகலில் அறைக்குள் போடச் சொல்லுங்கள். சார்ஜ் ஆகும்போது கருவி காலில் இயங்காதபடி மின்சுற்றிலேயே தடுத்துவிடுங்கள்.

பயிற்சியை எண்ணுவது

ஒரு கோட்டைத் தாண்டினால் ஒன்று என்று எண்ணினால், வலியில் கால் நடுங்கும்போது ஒரு மடக்கு ஐந்தாகிவிடும். இரண்டு கோடு வையுங்கள். அன்றைய அதிகபட்சத்தில் 70 சதவீதத்தைத் தாண்டி, பிறகு 30 சதவீதத்துக்குக் கீழே வந்தால்தான் ஒன்று. முழுச் சுற்றுக்கும் குறைந்தது 2 விநாடி ஆகியிருக்க வேண்டும். நேராகக் காலைத் தூக்கும் பயிற்சியில் வேறு விதி: தொடைக்கோணம் ஏற வேண்டும், முழங்கால் மடங்கக் கூடாது. தூக்கும்போது முழங்கால் 10 டிகிரிக்கு மேல் தொய்ந்தால் தொடைத்தசை இன்னும் மூட்டைப் பூட்டிப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். இதைக் கருவி பிசியோவுக்குச் சொன்னால், மடக்கும் கோணத்தைச் சொல்வதைவிடச் சில சமயம் பெரிய உதவி.

இலக்குக் கோணத்தைக் கருவி தானாக ஏற்றிக்கொண்டே போகக் கூடாது. பிசியோ வைக்க வேண்டும். குரல் தமிழில் இருக்கட்டும், படுகர் வீடுகளுக்குப் படுகு மொழியிலும் பதிந்து வையுங்கள். பாட்டிக்குத் தெரிந்த மொழியில் 'இன்னும் ரெண்டு தடவை' என்று கேட்பது எந்த வரைபடத்தையும்விட வேலை செய்யும்.

சிக்னல் இல்லாத ஊர்

100 முறை, இரண்டு உணரி, ஒவ்வொன்றிலும் ஆறு எண், எண்ணுக்கு இரண்டு பைட்: விநாடிக்கு 2,400 பைட். இருபது நிமிடத்துக்கு 2.9 மெகாபைட் ஆகும். பள்ளத்தாக்கில் ஒற்றைக் கோடு சிக்னலில் இதை அனுப்ப நினைக்காதீர்கள். கணக்கைக் கருவிக்குள்ளேயே முடித்து, ஒரு மடக்குக்கு 16 பைட் சுருக்கம் மட்டும் வையுங்கள். அறுபது மடக்குக்கு ஒரு கிலோபைட்கூட வராது. சுருக்கம் கருவியிலேயே சேமிக்கப்பட வேண்டும். ஃபோன் பக்கத்தில் வந்தால் அதற்கு, ஃபோனுக்கு சிக்னல் கிடைத்தால் சர்வருக்கு. சர்வர் 'வந்தது' என்று பதில் சொல்லும்வரை எந்த இடத்திலும் அழிக்கக் கூடாது. அந்தப் பதில் பாதி வழியில் தொலைந்தால் ஃபோன் மறுபடி அனுப்பும், ஒரே பயிற்சி இரண்டாகப் பதிவாகும். ஒவ்வொரு பயிற்சிக்கும் கருவியே ஒரு எண் கொடுத்துவிட்டால் சர்வர் இரட்டையைத் தள்ளிவிடும்.

இணையமே இல்லையென்றால் எஸ்எம்எஸ். தமிழ் எழுத்தில் ஒரு செய்திக்கு 70 குறிதான் இடம், ஆங்கில எழுத்துக்கு 160. வாக்கியம் வேண்டாம், நோயாளி எண், மடக்கு, நீட்டு, எண்ணிக்கை, வலி மதிப்பெண் என்று ஐந்து எண் போதும். பெயரை அனுப்பாதீர்கள். உடல்நிலைத் தகவல் அது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023 பொருந்தும் விஷயம்.

மூன்று நாள் தரவு வராவிட்டால் 'பயிற்சி செய்யவில்லை' என்று பிசியோவின் திரையில் காட்டாதீர்கள். 'தரவு வரவில்லை' என்று காட்டுங்கள். மழையில் டவர் விழுந்ததற்கு நோயாளி திட்டு வாங்கக் கூடாது.

எதைச் செய்யக் கூடாது

தோலின் சூட்டை அளந்து தொற்றைக் கண்டுபிடிக்கலாம் என்ற ஆசை வரும். மூட்டு மாற்றிய முழங்கால் தொற்றே இல்லாமல் மாதக்கணக்கில் சூடாக இருக்கும், பொய் எச்சரிக்கைதான் மிஞ்சும். கெண்டைக்காலில் புது வலி, வீக்கம், காயத்தில் நீர் அல்லது சீழ், காய்ச்சல்: இவற்றைக் கருவி கேள்வியாகக் கேட்கட்டும், ஒன்றுக்கு 'ஆமாம்' என்றால் அன்றே மருத்துவரைப் பார்க்கச் சொல்லட்டும். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி என்றால் பயிற்சித் திரை மூடி 108 மட்டும் தெரிய வேண்டும். அதற்கு இணையம் தேவைப்படக் கூடாது.

காலில் கட்டும் முன் மரத்தில் கட்டுங்கள். இரண்டு 30 சென்டிமீட்டர் பலகையைக் கீலால் இணைத்து, பெரிய பாகைமானி ஒட்டி, 0, 30, 60, 90, 120-இல் பத்துப் பத்து முறை அளந்து எழுதுங்கள். 3 டிகிரிக்கு மேல் தவறினால் காலுக்குப் போகாதீர்கள். 20 நிமிடம் ஓடவிட்டு மறுபடி 90-ஐப் பாருங்கள். டப்பியை ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தும் பாருங்கள். அடுத்து, ஆரோக்கியமானவர் காலில், ஒரே ஆள் பத்து முறை கழற்றிக் கட்டிப் பார்க்க வேண்டும். பலகையில் 1 டிகிரி காட்டிய பிழை இங்கே 6 ஆவதைப் பார்ப்பீர்கள், பட்டை வேலை அப்போதுதான் தொடங்கும். அறுவை செய்தவர் காலில் வைப்பது மருத்துவமனையின் நெறிமுறைக் குழு ஒப்புதலோடும் சிகிச்சை தரும் மருத்துவர் பொறுப்பிலும் மட்டுமே. விற்கப் போகிறீர்கள் என்றால் மருத்துவ உபகரண விதிகள் 2017-இன் கீழ் ஏ முதல் டி வரை எந்த வகுப்பில் வரும் என்று முதலில் பாருங்கள், மென்பொருளும் அதில் அடங்கும்.